ஆளுக்கொரு சைக்கிள்: நிதானமாக ஓட்ட நினைக்கும் தம்பதிகளின் கேள்விகள்

காலையிலோ மாலையிலோ இருவரும் சேர்ந்து சும்மா ஒரு சுற்றுப் போய்வர சைக்கிள் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பந்தயம், நூறு கிலோமீட்டர் ஓட்டம், மலைப்பாதை எல்லாம் இங்கே வராது. ஐந்து கிலோமீட்டர் போய், ஒரு டீ குடித்து, பேசிக்கொண்டே திரும்பி வருகிறவர்களுக்கானது. விலைகளைச் சென்னைக் கடைகளை மனதில் வைத்துச் சொல்லியிருக்கிறேன். ஊருக்கு ஊர், சீசனுக்கு சீசன் ஆயிரம் ஐந்நூறு கூடக்குறைய இருக்கும்.

இரண்டு சைக்கிளுக்கும் சேர்த்து எவ்வளவு பணம் ஒதுக்கலாம்?

மற்ற சாமான்களையும் சேர்த்து 30,000 ரூபாய் இருந்தால் நிம்மதியாக வாங்கலாம். 20,000 ரூபாயிலும் முடியும், ஆனால் கொஞ்சம் தேட வேண்டும்.

கடையில் பார்த்தால் விலை மூன்று அடுக்காக இருக்கும். கியர் இல்லாத சாதாரண சைக்கிள் ஏறக்குறைய 6,000 முதல் 9,000 வரை. கியர் வைத்த, எடை குறைந்த, ஷாக் அப்சார்பர் எதுவும் இல்லாத நகரச் சைக்கிள் 13,000 முதல் 20,000 வரை. இந்த இரண்டுக்கும் நடுவில், 9,000 முதல் 12,000க்குள் ஒரு கூட்டம் பளபளவென்று நிற்கும். 21 கியர், முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக், ஷாக், தடித்த டயர் என்று எல்லாம் இருக்கும். கடைக்காரர் உங்களை நேராக அங்கேதான் கூட்டிப்போவார். அந்த நடு அடுக்கை விட்டுவிடுங்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய சரக்கில் பழைய விலைச் சீட்டு ஒட்டியிருந்தாலும் பில்லில் புதிய வரிதான் இருக்க வேண்டும். பில் கேட்டு வாங்குங்கள். வாரண்டிக்கும் அதுதான் ஆதாரம், திருடு போனால் காவல் நிலையத்தில் காட்டவும் அதுதான்.

சைக்கிள் விலையோடு செலவு முடியாது. ஹெல்மெட் இரண்டு, முன் பின் விளக்குகள், பூட்டு, காற்றடிக்கும் பம்ப் என்று இருவருக்குமாக 4,000 முதல் 5,000 வரை ஆகும். பெரிய விளையாட்டுச் சாமான் கடைகளில் விற்கும் சைக்கிள்கள் பலவற்றில் மட்கார்டு, ஸ்டாண்டு, கேரியர் எதுவும் சேர்ந்து வராது. தனித்தனியாக வாங்கிப் பூட்டினால் 1,500 கூடிவிடும். விலை ஒப்பிடும்போது இதையும் கூட்டிப் பாருங்கள்.

ஒரே மாடலில் இரண்டு வாங்கிவிடலாமா? ஜோடியாக அழகாக இருக்குமே?

படம் எடுக்க அழகாகத்தான் இருக்கும். ஓட்டுவதற்குச் சரிவராது.

தம்பதிகளில் பெரும்பாலும் ஒருவருக்குக் காலில் வலு கூட இருக்கும், இன்னொருவர் மெதுவாக வருவார். ஒரே சைக்கிளை இருவருக்கும் கொடுத்தால் அந்த வித்தியாசம் அப்படியே சாலையில் தெரியும். ஒருவர் முன்னால் போய் நின்று நின்று திரும்பிப் பார்ப்பார், இன்னொருவர் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வருவார். நாலு ஞாயிற்றுக்கிழமை இப்படிப் போனால் ஐந்தாவது ஞாயிறு "நீங்க போய்ட்டு வாங்க, எனக்கு வேலை இருக்கு" என்ற பதில் வந்துவிடும்.

ஆகவே என் கணக்கு இது: யார் மெதுவாகப் போகிறாரோ அவருக்கு நல்ல சைக்கிள். சைக்கிள்களுக்கு மட்டும் 25,000 இருந்தால் ஆளுக்கு 12,500 என்று பாகம் பிரிக்காதீர்கள். மெதுவாகப் போகிறவருக்கு 16,000 ரூபாயில் எடை குறைந்த, கியர் வைத்த ஒன்று. வலுவுள்ளவருக்கு 9,000க்குள் கியர் இல்லாத ஒன்று. இரண்டு பேரின் வேகமும் தானாகவே நெருங்கி வந்துவிடும். பக்கத்தில் பக்கத்தில் போகலாம், பேசலாம். அதற்காகத்தானே வாங்குகிறோம்.

கடைகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. கணவருக்குக் கியர் சைக்கிள், மனைவிக்கு முன்னால் கூடை வைத்த, கியர் இல்லாத, இரும்பு கனக்கிற லேடீஸ் சைக்கிள். மேம்பாலம் வந்தால் மனைவி இறங்கித் தள்ளுவார், கணவர் மேலே நின்று செல்போன் பார்ப்பார். மனைவிதான் வேகமானவர் என்றால் கணக்கு அப்படியே திரும்பும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

அளவு எப்படிப் பார்ப்பது? எங்கள் இருவருக்கும் உயரத்தில் நிறைய வித்தியாசம்.

அப்படியானால் அளவுதான் முதல் விஷயம். பிராண்டு, கியர், நிறம் எல்லாம் அதற்கு அப்புறம்.

கடைக்காரர் "26 இன்ச்", "27.5 இன்ச்" என்று சொல்வது சக்கரத்தின் அளவு. உங்கள் உடம்புக்குப் பொருந்த வேண்டியது சட்டத்தின், அதாவது ஃபிரேமின் அளவு. ஒரே 26 அங்குலச் சக்கரத்தில் சின்ன ஃபிரேமும் உண்டு, பெரிய ஃபிரேமும் உண்டு. ஏறக்குறைய 150 முதல் 165 செ.மீ. உயரம் உள்ளவர்களுக்கு 15 அல்லது 16 அங்குல ஃபிரேம், 165 முதல் 178 வரை 17 அல்லது 18 அங்குலம் என்று தொடங்கலாம். 150க்குக் கீழே இருப்பவர்கள் 24 அங்குலச் சக்கரம் வைத்ததைத் தயங்காமல் எடுக்கலாம். அது பிள்ளைகளுக்கானது என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம்.

கடையிலேயே பார்க்க வேண்டியவை சில. சைக்கிளின் குறுக்குக் கம்பிக்கு இருபுறமும் காலைப் போட்டு, பாதம் தரையில் முழுதாகப் பதிய நில்லுங்கள். கம்பிக்கும் உங்களுக்கும் இடையே இரண்டு விரல்கடையாவது இடைவெளி வேண்டும். பிறகு சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுபோங்கள். முழங்கால் நேராக நிமிர வேண்டும். அப்படி வைத்த சீட்டில் முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம்.

இந்த உயரத்தில் உட்கார்ந்தால் புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு இரண்டு காலும் தரையில் எட்டாது, பயம் வரும். முதல் சில வாரங்கள் ஓர் அங்குலம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பழகப் பழக ஏற்றுங்கள். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் சீட்டைக் கடைசிவரை தாழ்த்தி வைத்து, முழங்கால் நெஞ்சில் இடிக்க ஓட்டிவிட்டு, "சைக்கிள் ஓட்டினால் முட்டி வலிக்கிறது" என்கிறார்கள். வலிக்கத்தான் செய்யும்.

சீட்டுக் கம்பியில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தக் கூடாது. அவ்வளவு உயர்த்த வேண்டியிருந்தால் அந்த ஃபிரேம் உங்களுக்குச் சின்னது.

கியர் தேவையா? சென்னை சமதரைதானே?

சமதரைதான். ஆனால் மேம்பாலங்கள் இருக்கின்றன, மாலையில் கடற்காற்று இருக்கிறது. ஈ.சி.ஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாலை நேரம் தெற்கே போனால் காற்று முகத்திலேயே அடிக்கும். கியர் இல்லாமல் எதிர்காற்றில் மிதிப்பது ஏற்றம் ஏறுவதற்குச் சமம்.

வலுவுள்ளவருக்கு வேண்டாம். மெதுவாகப் போகிறவருக்கு வேண்டும். அவருக்கும் ஏழு போதும்: முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஏழு. பின்னாலுள்ளதில் மிகப் பெரியது 28 பல்லோ அதற்கு மேலோ இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். கியர் இல்லாத சைக்கிளில் முன்னால் 44, பின்னால் 18 பல் என்று வைத்துக்கொண்டால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்றும். அதே 44க்குப் பின்னால் 28 பல் வந்தால் ஒன்றரைச் சுற்றுதான். மிதிப்பது அந்த அளவுக்கு இலேசாகும்.

21 கியர் என்பது முன்னால் மூன்று, பின்னால் ஏழு. பெருக்கினால் 21 வருகிறதே தவிர, அவற்றில் பாதி ஒன்றையொன்று ஒத்தே இருக்கும். முன்பக்கம் மாற்றும் கருவி மலிவான சைக்கிளில்தான் முதலில் தகராறு செய்யும். செயின் கழன்று விழும், கையெல்லாம் கிரீஸ்.

கோவை, சேலம் போன்ற ஊர்களில் தெருவே ஏற்ற இறக்கமாக இருக்கும் பகுதிகள் உண்டு. அங்கே இருவருக்குமே கியர் இருப்பது நல்லது. ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு இந்தப் பக்கம் முழுவதுமே உதவாது.

ஷாக் அப்சார்பர் இருந்தால் குண்டும் குழியுமான சாலைக்கு நல்லதில்லையா? டிஸ்க் பிரேக்?

விலை உயர்ந்த சைக்கிளில் நல்லது. 10,000 ரூபாய் சைக்கிளில் இருப்பது உள்ளே ஒரு சுருள்கம்பியை வைத்த இரும்புக் குழாய். ஒன்றரை, இரண்டு கிலோ எடையைக் கூட்டும், மிதிக்கும்போது மேலும் கீழும் ஆடி உங்கள் பலத்தைத் தின்னும், ஒரு மழைக்காலம் போனால் துருப்பிடித்து இறுகிவிடும். அப்புறம் எடை மட்டும் மிச்சம்.

குழிக்கு மருந்து டயர். ஒன்றரை முதல் இரண்டு அங்குல அகலம், வழவழப்பான அல்லது மெல்லிய பட்டை போட்ட டயர் எடுங்கள். 700 எண் சக்கரமானால் 35 முதல் 40 மி.மீ. அகலம். பக்கவாட்டில் எத்தனை பிஎஸ்ஐ காற்று என்று அச்சிட்டிருப்பார்கள், அந்த வரம்பின் நடுவில் அடித்துக்கொண்டால் குலுக்கல் பாதி குறையும். டிராக்டர் டயர் மாதிரிக் கட்டி கட்டியாக இருப்பது தார்ச்சாலையில் ஹோவென்று சத்தம் போடும், இழுக்கும்.

பிரேக்கைப் பொறுத்தவரை, ரிம்மைக் கட்டை கவ்வும் சாதாரண வி பிரேக்கே நமக்குப் போதும். தெருமுனைக் கடையிலும் சரிசெய்வார்கள், கட்டை தேய்ந்தால் நூறு இருநூறு ரூபாயில் மாற்றலாம். மலிவான கம்பி டிஸ்க் பிரேக் தகடு கொஞ்சம் வளைந்தாலே சர் சர்ரென்று உரசும்.

ஒன்று மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: ரிம் அலுமினியமாக இருக்க வேண்டும். முலாம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும், சைக்கிள் நிற்க நேரமெடுக்கும். கடற்கரை ஊரில் உப்புக்காற்றுக்குத் துருவும் சீக்கிரம் ஏறும். காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

என் மனைவி புடவையும் சுடிதாரும்தான் அணிவார். எப்படிப்பட்டது எடுப்பது?

குறுக்குக் கம்பி தாழ்ந்த ஃபிரேம், செயினை முழுதாக மூடும் செயின் கவர், பின்சக்கரத்தின் இருபுறமும் துணி போகாமல் தடுக்கும் வலை. இந்த மூன்றும் இருந்தால் போதும். பி.எஸ்.ஏ. லேடிபேர்டு போன்ற சைக்கிள்களில் இவை பெரும்பாலும் கூடவே வரும். கியர் வைத்ததில் முழு செயின் கவர் கிடைப்பது அரிது. பின்னால் செயின் இடம்மாறி ஓட வேண்டும் என்பதால் மேல்பாதியை மட்டும் மூடுவார்கள். சுடிதார் பேண்ட்டை ஒரு ரப்பர் பட்டையால் கட்டிக்கொண்டால் சமாளிக்கலாம். துப்பட்டாவை மட்டும் இடுப்பில் இறுக்கி முடிந்துவிட வேண்டும், அதில் சமரசமே கூடாது. சக்கரத்தில் சிக்கினால் கழுத்துக்கே ஆபத்து.

கம்பி தாழ்ந்த ஃபிரேம் பெண்களுக்கு மட்டும் என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை. ஐம்பது தாண்டிய, இடுப்பு பிடித்துக்கொள்ளும், வேட்டி கட்டும் ஆண்களுக்கும் அதுதான் வசதி. பின்னால் காலைச் சுழற்றிப் போட வேண்டியதில்லை. அவசரத்துக்குச் சட்டென்று இறங்கலாம்.

என் மனைவிக்கு ஓட்டவே தெரியாது. 42 வயது. இனிமேல் பழக முடியுமா?

தாராளமாக. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவு கற்பித்த அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து சைக்கிள் பழகுவதையும் ஓர் இயக்கமாகவே நடத்தினார்கள். அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கல்குவாரித் தொழிலாளர்கள், விவசாயக் கூலிகள், ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டப் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையே வாங்கிய பெண்களும் உண்டு. குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பது அவர்கள் கண்ட கூடுதல் லாபம்.

பழக்கும் முறையில் ஒரு மாற்றம் செய்யுங்கள். பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடும் பழைய வழக்கம் வேண்டாம். பிடிப்பவருக்கு முதுகு போகும், பழகுபவருக்கு எப்போது விடுவாரோ என்ற பயம் போகாது. சீட்டை இரண்டு பாதமும் தரையில் பதியும் அளவுக்குத் தாழ்த்துங்கள். ஸ்பேனர் போட்டு இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள் (இடது பெடலின் மரை எதிர்த்திசையில் இருக்கும், கடைசிக் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்). பள்ளி மைதானம் போன்ற இடத்தில், லேசான சரிவில், காலால் தரையை உந்தி உந்திப் போகச் சொல்லுங்கள். சமநிலை வந்து இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு நாலைந்து விநாடி உருள முடிந்ததும் பெடலை மாட்டுங்கள்.

கணவரே சொல்லிக்கொடுப்பதா என்பதை உங்கள் வீட்டு நிலவரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த அனுபவம் இருந்தால் பதில் உங்களுக்கே தெரியும். அக்கா பையனையோ தோழியையோ கூப்பிடுவது பல வீடுகளில் நல்லது.

பையனுக்குப் பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிள் மொட்டைமாடியில் கிடக்கிறது. அதைத் தேற்றலாமா?

முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பிளஸ் ஒன் படித்த பிள்ளைகள் இருக்கும் பல வீடுகளில் இப்படி ஒரு சைக்கிள் மூலையில் நிற்கிறது. நல்ல கனமான, எளிமையான சைக்கிள். ஃபிரேமில் விரிசல் இல்லாமல், ரிம் துருப்பிடித்து ஓட்டை விழாமல் இருந்தால், டயர், டியூப், பிரேக் கட்டை, செயின், பிரேக் கேபிள் மாற்றி, ஓவராயில் செய்து 2,000 முதல் 3,000 ரூபாய்க்குள் ஓடவைத்துவிடலாம்.

வலுவுள்ளவர் அதை எடுத்துக்கொள்ளட்டும். மிச்சமாகும் பணத்தை இன்னொருவரின் சைக்கிளில் போடுங்கள். செலவைப் பொறுத்தவரை இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

செகண்ட் ஹேண்டு வாங்கலாமா?

வாங்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளத்தில் தூசி படிந்து நிற்கும் சைக்கிள்களில் பாதி, ஓட்டப்படாமலே பழசானவை. 18,000க்கு வாங்கியதை 7,000க்குக் கொடுக்கத் தயாராக இருப்பார்கள். வாட்ச்மேனிடமோ குடியிருப்பின் வாட்ஸப் குழுவிலோ விசாரித்தாலே தகவல் வரும்.

பார்க்கும்போது சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். ஹேண்டில் பாரின் கழுத்துப் பக்கமும் பெடல் அச்சுப் பக்கமும் வெல்டிங் ஓரத்தில் பெயிண்ட் வெடித்திருக்கிறதா பாருங்கள். வெடிப்பு இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம் கோட்டமாக ஆடுகிறதா பாருங்கள். லேசான கோட்டம் ஸ்போக் கம்பியை முறுக்கினால் சரியாகிவிடும். பெடல் கையை, அதாவது பெடலை அச்சோடு இணைக்கும் தண்டைப் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டினால் லொடலொடக்கக் கூடாது.

செயின் தேய்மானத்தைச் சாதாரண ஸ்கேலை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் சுழியத்தை வைத்தால், 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் நடு சரியாக வர வேண்டும். 1/16 அங்குலம் தள்ளிப்போனால் செயினை மாற்ற வேண்டும். 1/8 தள்ளிப்போயிருந்தால் பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்திருக்கும், விலையில் அதைக் கழியுங்கள்.

ஃபிரேம் எண் பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் அடித்திருக்கும். அது சுரண்டப்பட்டிருந்தாலோ, விற்பவர் அளவுக்கு மீறி விலையைக் குறைத்தாலோ அது திருட்டுச் சைக்கிளாக இருக்கலாம். விலகிவிடுங்கள்.

இருவரும் ஒன்றாக மிதிக்கும் இரட்டைச் சைக்கிள்?

சுற்றுலா இடத்தில் ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்துச் சிரித்துவிட்டு வாருங்கள். வாங்க வேண்டாம். விலை அதிகம், லிஃப்டில் ஏறாது, ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் சைக்கிளே சும்மா நிற்கும். கேரியரில் உட்கார வைத்து டபுள்ஸ் போவது வேறு கதை, அதற்குப் பழைய ரோட்ஸ்டர் சைக்கிளின் இரும்புக் கேரியர் வேண்டும். இப்போது வரும் கேரியர்கள் பையைத் தாங்கவே யோசிக்கின்றன.

எந்த பிராண்டு? கடையா, ஆன்லைனா?

இந்த விலையில் பிராண்டுக்குப் பிராண்டு பெரிய வேறுபாடு கிடையாது. லூதியானாவின் ஹீரோ, ஏவான். 1949இல் சென்னையில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ், மான்ட்ரா. பிரான்சிலிருந்து வந்த டெக்கத்லானின் சைக்கிள்கள் என்று எல்லாவற்றிலும் நல்லதும் உண்டு, நடு அடுக்குப் பகட்டும் உண்டு. அட்லஸ் மேல் பழைய பாசம் உள்ளவர்களுக்கு ஒரு தகவல்: சாகிபாபாத்திலிருந்த அதன் கடைசி ஆலை 2020 ஜூன் 3ஆம் தேதி நின்றுபோனது. அன்று உலக சைக்கிள் தினம் என்பதுதான் கொடுமை.

என் ஓட்டு வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் உள்ள, பட்டறையும் சேர்ந்த கடைக்கு. ஆன்லைனில் வரும் சைக்கிள் முக்கால்வாசி மாட்டிய நிலையில் பெட்டியில் வரும். முன்சக்கரம், ஹேண்டில் பார், பெடல், சீட்டு எல்லாம் நீங்களே பூட்ட வேண்டும். தெருமுனை மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் "எங்க வாங்கினீங்களோ அங்கயே போங்க" என்பார். உட்கார்ந்து பார்க்காமல் வாங்குவதால் அளவும் ஊகம்தான்.

கடையில் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். இருவரும் சேர்ந்தே போங்கள். "அவளுக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்" என்று தனியாகப் போய் வாங்கிய சைக்கிள் மனைவிக்கு ஒருபோதும் பொருந்துவதில்லை.

வாங்குமுன் சில நாள் ஓட்டிப் பார்க்க வழி உண்டா?

புதுச்சேரி போய் வாருங்கள். நகரத்திலும் ஆரோவில் பக்கத்திலும் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிறது. ஒயிட் டவுனின் தெருக்கள் சமதரை, நேர்நேராக இருக்கும், விடிகாலையில் வண்டி நடமாட்டமும் குறைவு. வாடகைச் சைக்கிள் சுமாராகத்தான் இருக்கும், பரவாயில்லை. ஒரே நாளில் கியர் இல்லாத ஒன்றையும் கியர் உள்ள ஒன்றையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். உங்கள் இருவரில் யார் பின்தங்குகிறார், எவ்வளவு என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். யாருக்கு எவ்வளவு செலவழிப்பது என்ற கணக்கும் அதிலேயே வந்துவிடும்.

மின்சார சைக்கிள் எடுத்தால் இந்த வேகச் சிக்கலே இல்லையே?

உண்மைதான். மெதுவாகப் போகிறவருக்கு முட்டி வலியோ வயதோ தடையாக இருந்தால் நல்ல தீர்வு. 250 வாட்டுக்குள், மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்குள் இருந்தால் பதிவும் லைசென்ஸும் தேவையில்லை. ஆனால் விலை சாதாரண சைக்கிளைப்போல் இரண்டு மூன்று மடங்கு, சில வருடங்களில் பேட்டரி மாற்றும் செலவு தனி. தொடக்கத்துக்கு வேண்டாம் என்பேன்.

உட்காரும் இடம் வலிக்கிறது. ஜெல் சீட்டு வாங்கலாமா?

முதல் இரண்டு வாரம் யாருக்கும் வலிக்கும், அதற்குள் முடிவெடுக்காதீர்கள். அப்புறமும் வலித்தால் சீட்டு மட்டமாக இருக்கிறதா பாருங்கள். சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருந்தால் அதுதான் காரணம். அகலத்தைப் பொறுத்தவரை, உட்கார்கிற எலும்பு இரண்டும் சீட்டின் மேல் பதிய வேண்டும். பெண்களுக்கு அந்த எலும்புகளின் இடைவெளி பொதுவாகக் கொஞ்சம் அகலமாக இருக்கும். மெத்தை மாதிரி அமுங்குவது அரை மணி நேரத்துக்குச் சுகமாக இருந்துவிட்டு அப்புறம் தொடையை உரசும்.

பஞ்சர், காற்று எல்லாம் யார் பார்ப்பது?

வாங்கும்போதே வால்வைப் பாருங்கள். நம் பழைய சைக்கிளில் இருப்பது டன்லப் வால்வு, உள்ளே வால் டியூப் என்ற சின்ன ரப்பர் குழாய் இருக்கும். பைக்கிலும் காரிலும் இருப்பது ஷ்ரேடர் வால்வு, அதற்குப் பெட்ரோல் பங்கிலேயே காற்றடிக்கலாம். மெலிந்து நீண்டிருக்கும் பிரெஸ்டா வால்வு என்றால் தனி பம்ப்போ சின்ன அடாப்டரோ வேண்டும். இரண்டு சைக்கிளிலும் ஒரே வகை வால்வு இருந்தால் ஒரு பம்ப் போதும். ஜோடியாக வாங்குவதில் ஒரே மாதிரி இருக்க வேண்டியது இது ஒன்றுதான்.

வாரம் ஒருமுறை கட்டை விரலால் டயரை அழுத்திப் பார்த்துக் காற்று அடித்துக்கொண்டால் பஞ்சர் பாதியாகக் குறையும்.

எங்கே, எந்த நேரத்தில் ஓட்டுவது? ஹெல்மெட் கட்டாயமா?

சைக்கிளுக்கு ஹெல்மெட் வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. போட்டுக்கொள்ளுங்கள். பைக் ஹெல்மெட் வேண்டாம், வேர்த்துக் கொட்டும்.

காலை ஐந்தரை முதல் ஏழரை வரைதான் நம் ஊரில் நல்ல நேரம். பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம், அண்ணா நகரின் உள்தெருக்கள், உங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள ஏரிக்கரைச் சாலை என்று எங்கேயாவது வண்டி குறைந்த இடமாகத் தொடங்குங்கள். ஈ.சி.ஆரைப் பழகிய பிறகு பார்க்கலாம், விடிகாலையில் அங்கே கார்கள் பறக்கும். பின்விளக்கு எரியட்டும், விடிந்திருந்தாலும்.

மெதுவாகப் போகிறவர் முன்னால் போக வேண்டும். வேகமுள்ளவர் பின்னால் வந்தால்தான் இருவரும் ஒரே வேகத்தில் போவார்கள். அகலத் தெருவில் வண்டி இல்லாதபோது பக்கத்தில் வந்துகொள்ளுங்கள். முதல் மாதம் ஐந்தாறு கிலோமீட்டர் போதும், மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் அரை மணி நேரம்தான்.

வாங்கி ஒரு மாதம் ஆகிறது. கடகடவென்று சத்தம் வருகிறது. ஏமாந்துவிட்டோமா?

இல்லை. புது சைக்கிளில் ஸ்போக் கம்பிகள் தளரும், பிரேக் கேபிளும் கியர் கேபிளும் நீளும், நட்டுகள் லேசாக இளகும். முதல் சர்வீஸ் என்று கடையில் இலவசமாகவே செய்வார்கள், நீங்கள்தான் மறந்திருப்பீர்கள். கொண்டுபோய்க் கொடுங்கள். பிரேக் இரண்டையும் தனித்தனியாக அழுத்திப் பாருங்கள். வலது கைப்பிடி முன்பிரேக்காகத்தான் பெரும்பாலும் இருக்கும். இருவரும் அவ்வப்போது சைக்கிளை மாற்றி ஓட்டுவதாக இருந்தால் இரண்டிலும் ஒரே பக்கமாக இருக்கும்படி மாட்டித் தரச் சொல்லுங்கள்.

செயினுக்கு மாதம் இருமுறை துணியால் துடைத்துவிட்டு சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துத் தூசியை இழுக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வாரம் ஒருமுறை.

சத்தம் இடது பெடலிலிருந்து வருகிறதென்றால் நீங்களே முறுக்கிப் பார்க்கலாம். இடது பெடலின் மரை மட்டும் எதிர்த்திசையில் இருக்கும், இறுக்குவதற்கு இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும். அது தெரியாமல் வலப்பக்கம் முறுக்கிக் கழற்றிவிட்டு, திரும்ப மாட்டும்போது மரையைக் கெடுத்துவிட்டால் பெடல் கையையே மாற்ற வேண்டிவரும். பெடல் அச்சின் முனையில் எல், ஆர் என்ற எழுத்துகள் பொறித்திருக்கும், பார்த்துக்கொண்டு மாட்டுங்கள்.